காடி கதவு தொங்குதா? லாக்குல கை வைக்காம கீல்ல இருந்து ஆரம்பிங்க

கதவ சாதாரணமா சாத்துனா மூட மாட்டேங்குது, ஓங்கி அடிச்சாத்தான் லாக் விழுது, மூடுனப்பறமும் பின் ஓரம் கொஞ்சம் வெளிய தள்ளிக்கிட்டே நிக்குது, மழ பேஞ்சா கால் மிதியடி நனையுது, கோலகங்சார் பக்கம் கொஞ்சம் வேகமா போனா காதுகிட்ட விசில் அடிக்கிற மாதிரி சத்தம். மலேசியாவுல நம்ம பேராக் சுங்கை சிப்புட்ல பழைய காடி வச்சிருக்கிற நெறய பேருக்கு இது பழக்கமான தொல்லதான். 1985-ல வந்த புரோட்டோன் சாகா, 1994-ல வந்த கன்சில் எல்லாம் நம்ம பக்கம் இன்னும் ஓடிக்கிட்டுத்தான் இருக்கு, தோட்டத்துக்குள்ள இருந்து டவுனுக்கு வர்ற மண் சடக்குல தெனமும் குலுங்கிக் குலுங்கி வந்தா எந்தக் கீல்தான் தாங்கும் சொல்லுங்க.

இதுக்கு நம்ம ஆளுங்க உடனே பண்றது ஒன்னுதான். கதவு வந்து மாட்டுற அந்தக் கொக்கி இருக்கே, கதவு வந்து சாத்துற பாடித் தூண்ல ரெண்டு ஸ்க்ரூ போட்டு பிடிச்சிருப்பாங்களே, ஸ்ட்ரைக்கர்னு சொல்றது, அத லூஸ் பண்ணி கொஞ்சம் கீழ எறக்கி விட்ருவாங்க. கதவு அழகா மூடிக்கும். ஆனா தொங்குற கதவு தொங்கிக்கிட்டேதான் இருக்கும், கொக்கிதான் அது தொங்குற எடத்துக்கு எறங்கி வந்திருக்கு. கொஞ்ச நாள்ல கீல் இன்னும் தேயும், திரும்ப எறக்கணும், ஒரு கட்டத்துக்கு மேல எறக்க எடம் இருக்காது. அதுக்குள்ள லாக்கோட வாயும் தேஞ்சி போயிருக்கும். அந்த லாக்கும் கொக்கியும் சேந்துதான் காடி அடிபடும்போது கதவு தெறந்துக்காம பிடிச்சிருக்கு, பிள்ளைங்க உக்கார்ற பக்கம் அது அரகொறயா மாட்டிக்கிட்டு இருக்கிறத பாத்தா எனக்கு மனசு ஆறாது. அதனாலதான் மொத தடவ கதவு சரி பண்றவங்களுக்குன்னு இத விவரமா எழுதுறேன். கீல மொதல்ல பாருங்க, கொக்கிய கடைசியா சரி பண்ணுங்க.

மொதல்ல எங்க கோளாறுன்னு கண்டுபிடிங்க

காடிய சமமான எடத்துல நிறுத்துங்க, நாலு டயரும் தரையில இருக்கணும். ஜாக்கி போட்டு ஒரு பக்கம் தூக்கி வச்சிக்கிட்டு கதவு அளவு பாக்கவே பாக்காதீங்க, பாடி லேசா முறுக்கிக்கிட்டு நிக்கும், அப்ப எடுக்கிற அளவெல்லாம் எறக்குனதும் மாறிப்போயிடும். லயத்து வாசல்ல மேடு பள்ளமா இருந்தா கோயில் பக்கம் சிமெண்ட் போட்ட எடம் எதாவது இருக்கும், அங்க கொண்டு போயிடுங்க.

கதவ மூடி வச்சிட்டு ரெண்டு மூனு அடி தள்ளி குந்தி உக்காந்து பாருங்க. கதவச் சுத்தி இருக்கிற இடுக்கு மேல இருந்து கீழ வரைக்கும் ஒரே அகலமா போகுதா, இல்ல மேல அகலமா ஆரம்பிச்சி கீழ வர வர குறுகுதா? கதவோட பின் முனை தொங்குச்சின்னா முன் ஓரத்துல மேல இடுக்கு அகலமாவும் கீழ குறுகலாவும் தெரியும், பின் ஓரத்துல அப்படியே தலைகீழா. ரெண்டு கதவுலயும் ஓடுற அந்த அழுத்தக் கோடு இருக்கும் பாருங்க, அது ஒரே நேரா வருதா, இல்ல முன் கதவுல இருந்து பின் கதவுக்குப் போறப்ப படி மாதிரி எறங்குதா ஏறுதான்னும் பாத்துக்குங்க. இடுக்க அளக்க தனி சாமான் வாங்கணும்னு இல்ல, ஐசி (அடையாள கார்டு), பேங்க் கார்டு எல்லாம் ஒன்னொன்னும் முக்கா மில்லிமீட்டர் கனம், அஞ்சு கார்ட ஒன்னா அடுக்குனா கிட்டத்தட்ட 3.8 மில்லி. அந்த அடுக்க இடுக்குல அங்கங்க விட்டுப் பாத்தா எங்க எறுக்கமா இருக்கு எங்க லூஸா இருக்குன்னு கையிலயே தெரிஞ்சிடும். பழைய காடிக்கு நாலஞ்சு மில்லி பரவால்ல, எத்தன மில்லிங்கிறத விட எல்லா எடமும் ஒரே மாதிரி இருக்கிறதுதான் முக்கியம்.

இப்ப கதவ மெதுவா தெறங்க, தெறக்கிற அந்த நொடியில பின் முனையவே பாத்துக்கிட்டு இருங்க. லாக் விட்ட ஒடனே கதவு டொக்குனு கொஞ்சம் கீழ எறங்குச்சின்னா இத்தன நாளா அத தூக்கிப் பிடிச்சிக்கிட்டு இருந்தது கொக்கிதான். கொக்கியயும் கிட்டப் போய் பாருங்க. மேல் பக்கம் மட்டும் பெயிண்ட் போயி, இல்ல மேல போட்ட பிளாஸ்டிக் உறை அறுந்து, இரும்பு பளபளன்னு தேஞ்சிருக்கும். லாக்கோட வாய் அது மேல ஏறி உக்காந்து உக்காந்து வந்த தேய்மானம் அது.

அடுத்த சோதனதான் ரொம்ப முக்கியம். கதவ ஒரு அடி தெறந்து வச்சிட்டு, பின் முனைக்கு கீழ ரெண்டு கையயும் குடுத்து மேல தூக்கிப் பாருங்க, ஓங்கித் தூக்க வேணாம், ஆட்டிப் பாத்தா போதும். இன்னொருத்தர் கீல் பக்கம் டார்ச் அடிச்சி பாத்துக்கிட்டு இருக்கணும். எது ஆடுதுன்னு பாக்கணும். கீலோட நடுவுல அச்சாணி மாதிரி இருக்கிற பின் ஆடுச்சின்னா அந்தப் பின்னும் அதச் சுத்தி இருக்கிற புஷ்ஷுங்கிற வளையமும் தேஞ்சி போச்சி, அத மாத்தாம எவ்வளவு அட்ஜஸ்ட் பண்ணாலும் திரும்ப தொங்கும். பின் ஆடல, தகடு போல்ட்டோட சேந்து நகருதுன்னா போல்ட் லூஸ், அது நல்ல செய்தி. ரெண்டும் ஆடல, ஆனா கீல் உக்காந்திருக்கிற தூண் தகரமே மூச்சு விடுற மாதிரி உள்ள வெளிய போயிட்டு வருதுன்னா, இல்ல பெயிண்ட் வெடிச்சி துரு தெரியுதுன்னா, அதோட நிறுத்திடுங்க. அது வெல்டிங் வேல, பாடி வேல தெரிஞ்ச போர்மேன்கிட்டதான் போகணும்.

எதுவுமே ஆடலன்னா கதவு இல்ல கீல் எங்கயாவது இடிச்சி கொஞ்சம் நகந்திருக்கலாம், அத இங்க சொல்ற மாதிரி சரி பண்ணலாம்.

தேய்மானம் எப்படி வருதுன்னு தெரிஞ்சிக்கிட்டா நல்லது. பாட்டி காடிய விட்டு எறங்குறப்ப கதவோட மேல் ஓரத்த பிடிச்சி மொத்த பாரத்தயும் அது மேல போட்டு எழுந்திருப்பாங்க இல்லயா, அந்த பாரம் எல்லாம் கீல் பின்னுங்களுக்குத்தான் போகுது. டிரைவர் பக்கத்து கதவு எல்லாத்தையும் விட அதிகமா தெறந்து மூடுறதால நம்ம நாட்டுல பெரும்பாலும் வலது முன் கதவுதான் மொதல்ல தொங்கும். இதுல ஒரு கணக்கு இருக்கு. ரெண்டு கீலுக்கும் நடுவுல சுமாரா 35, 40 சென்டிமீட்டர்தான், ஆனா கதவு நீளம் ஒரு மீட்டர் கிட்ட வரும். அதனால மேல் கீல் 1 மில்லி நகந்தாலே பின் முனை ரெண்டரை மில்லி அளவுக்கு எறங்கிடும். நமக்கும் இதே கணக்கு சாதகமா வேல செய்யும், கீல்ல சும்மா அர மில்லி நகத்துனா போதும், பின்னாடி கண்ணுக்குத் தெரியிற மாதிரி ஏறிடும். புதுசா பண்றவங்க கெடுக்கிறதே அதிகமா நகத்தித்தான்.

சாமான்

கன்சில் டைஹாட்சு மீராவ வச்சி பண்ணது, மொத சாகா மிட்சுபிஷி லான்சர் ஃபியோரேவ வச்சி பண்ணது, அதனால போல்ட்டு எல்லாம் ஜப்பான் அளவுதான், 10, 12, 14 நம்பர் ஸ்பானரும் சாக்கெட்டும் இருந்தா பெரும்பாலும் போதும். கொக்கி ஸ்க்ரூதான் வம்பு. நெறய ஜப்பான் காடியில அது பெரிய கூட்டல் தல ஸ்க்ரூ, ஃபேக்டரியில எறுக்கமா முடுக்கி வருஷக்கணக்கா கிடக்கும். சாதாரண ஸ்க்ரூடிரைவர் போட்டு திருப்புனா வழுக்கி தல மழுங்கிப்போயிடும், அப்பறம் டிரில் போட்டுத்தான் எடுக்கணும். மூனாம் நம்பர் பிட் போட்டு, பின்னாடி சுத்தியால தட்டுனா தானா திரும்புற இம்பேக்ட் டிரைவர்னு ஹார்ட்வேர் கடையில கிடைக்கும், அத வாங்கி வச்சிக்குங்க. புது காடியில அதுவே நட்சத்திர தல ஸ்க்ரூவா இருக்கும், அதுக்கு டோர்க்ஸ் பிட்.

அப்பறம் ஒரு தள்ளு ஜாக்கி, அது மேல வைக்க பலகை, பழைய துண்டு, மாஸ்கிங் டேப், மார்க்கர் பேனா, ரப்பர் சுத்தி, துரு எளக்குற ஸ்ப்ரே, கிரீஸ். கூட ஒரு ஆள் கட்டாயம். தனியா பண்ணவே பண்ணாதீங்க, போல்ட்ட லூஸ் பண்ண ஒடனே கதவு சரிஞ்சா கால் மேலயும் விழும், முன் மட்காட் பெயிண்டயும் பேத்துடும்.

நாலு கதவுல எத மொதல்ல?

பின் கதவுல இருந்து ஆரம்பிச்சி முன்னாடி வாங்க. பின் மட்காட் பாடியோட சேத்து வெல்டிங் பண்ணது, அத நகத்த முடியாது. அதனால பின் கதவ அதுக்கு ஒத்து வர்ற மாதிரி வைக்கணும், முன் கதவ பின் கதவுக்கு ஒத்து வைக்கணும், முன் மட்காட் போல்ட்டு போட்டதுதான், கடைசியா அத கதவுக்கு ஏத்த மாதிரி நகத்திக்கலாம். முன் கதவ மட்காட்ட பாத்து சரி பண்ணிட்டு அப்பறம் பின் கதவுகிட்ட வந்து முழிக்கிறவங்கதான் அதிகம். ஒரு கதவுதான் கெட்டிருக்கு, மத்ததெல்லாம் ஒழுங்குன்னா அந்த ஒன்ன மட்டும் பாருங்க, நல்லா இருக்கிறத நோண்ட வேணாம்.

கீல நகத்துறது

மொதல்ல கொக்கிய முழுசா கழட்டிடுங்க, கழட்டுறதுக்கு முன்னால அதச் சுத்தி மார்க்கர்ல கோடு போட்டு வச்சிக்குங்க. கொக்கி இல்லன்னாத்தான் கதவு அதோட சொந்த எடத்துக்கு வந்து நிக்கும், கொக்கி தூக்கிப் பிடிக்காம உண்மையா எவ்வளவு தொங்குதுன்னு அப்பத்தான் தெரியும். மட்காட் ஓரத்துக்கும் கதவோட முன் ஓரத்துக்கும் மாஸ்கிங் டேப் ரெண்டு மூனு அடுக்கு ஒட்டுங்க. கீல் தகட்டச் சுத்தியும் கோடு போடுங்க, போல்ட் வாஷரச் சுத்தியும் போடுங்க. எல்லாம் கொழம்பிப்போச்சின்னா பழைய எடத்துக்கு திரும்பி வர அந்தக் கோடுதான் வழி. போல்ட்டுல ஸ்ப்ரே அடிச்சி ஊற விடுங்க, அவசரப்பட்டு அறுத்துடாதீங்க.

இப்ப எந்தப் போல்ட்ட லூஸ் பண்ணா கதவு எந்தப் பக்கம் போகும்? காடிக்குக் காடி வித்தியாசம் இருக்கும், ஆனா ஒரு விதி எல்லாத்துக்கும் பொருந்தும்: கீல் தகடு எந்த முகத்துல படிஞ்சி உக்காந்திருக்கோ அந்த முகத்துலயேதான் வழுக்கி நகரும். கதவோட முன் ஓரத்துல படிஞ்சிருக்கிற தகடு மேல கீழ போகும், உள்ள வெளிய போகும். தூணோட வெளிப்பக்கத்துல படிஞ்சிருக்கிற தகடு மேல கீழ போகும், முன்ன பின்ன போகும். தூணுக்குப் பின் முகத்துல படிஞ்சிருந்தா முன்ன பின்ன நகத்த தகடுக்கு அடியில மெல்லிசா ஷிம், அதாவது சின்ன தகடு துண்டு, வைக்கணும், வேற வழி இல்ல. சில காடியில தூண் பக்கத்துப் போல்ட்ட தொட முன் மட்காட்ட கழட்ட வேண்டி வரும், சிலதுல கீல் ஒரு பக்கம் வெல்டிங்காவே இருக்கும். டொயோட்டா காடிங்கள்ல கதவு கீல்ல ஃபேக்டரி போல்ட் நடுவுல சரியா உக்கார்ற மாதிரி கூம்பா செஞ்சிருப்பாங்க, அது இருக்கிற வரைக்கும் கதவு நகராது, அதக் கழட்டிட்டு வாஷரோட சாதாரண போல்ட் போட்டாத்தான் அட்ஜஸ்ட் ஆகும். ஹைலக்ஸ் மாதிரி வண்டியில கைய வச்சிட்டு ஏன் நகரலன்னு சுத்தியால அடிக்காதீங்க, மொதல்ல போல்ட்ட பாருங்க.

ஜாக்கி மேல பலக, பலக மேல துண்டு, அத கதவோட கீழ் ஓரத்துல பின் பக்கமா வச்சி சும்மா தொட்டுக்கிட்டு நிக்கிற அளவுக்கு ஏத்துங்க. ஒரு கீல மட்டும் எடுத்துக்குங்க, ரெண்டு கீலயும் ஒரே நேரத்துல லூஸ் பண்ணாதீங்க. போல்ட்ட கழட்ட வேணாம், கையால தள்ளுனா நகராது, சுத்தி பிடியால தட்டுனா நகரும், அந்த அளவுக்கு மட்டும் லூஸ். பின் முனை தொங்குதுன்னா மேல் கீல் முன் பக்கமா போகணும், இல்லன்னா கீழ் கீல் பின் பக்கமா போகணும், ரெண்டுல எது செஞ்சாலும் பின் முனை ஏறும். எத செய்றதுங்கிறத இடுக்கு சொல்லும். முன் ஓரத்துல மேல இடுக்கு ரொம்ப அகலமா இருந்தா மேல் கீல முன்ன தள்ளுங்க, கீழ ரொம்ப எறுக்கமா இருந்தா கீழ் கீல பின்ன தள்ளுங்க. மொத்த கதவும் ஒரே அளவு எறங்கி இருந்தாத்தான் ரெண்டு கீலயும் ஒன்னொன்னா மேல ஏத்தணும்.

ஜாக்கிய கொஞ்சமே கொஞ்சம் ஏத்துங்க, போல்ட்ட முடுக்குங்க, ஜாக்கிய எறக்குங்க, கதவ மெதுவா மூடி தள்ளி நின்னு பாருங்க. பத்தலன்னா திரும்பவும் அதே மாதிரி. ஜாக்கி தூக்கிக்கிட்டு இருக்கும்போது பாத்து சரியா இருக்குன்னு நம்பிடாதீங்க, எறக்குனா கதவு சொந்த பாரத்துல கொஞ்சம் உக்காரும், அதனால ஒரு மில்லி கூட வச்சி முடுக்குறதுதான் பழக்கம்.

உள்ள வெளிய சரி பண்றப்ப ஒன்னு ஞாபகம் வச்சிக்குங்க. கதவு வளையாத ஒரே பலகைன்னு நெனச்சிக்குங்க, முன்னாடி கீழ் மூலைய வெளிய இழுத்தா எதிர் மூல, அதாவது பின்னாடி மேல் மூல, உள்ள போகும். மேல் மூலையில காத்துச் சத்தம் வருதுன்னு அந்த மூலையவே பிடிச்சி வளைக்க வேண்டியதில்ல, பாதி நேரம் கீழ் கீல கொஞ்சம் வெளிய எடுத்தாலே அது கதவு வாசலச் சுத்தி ஓடுற ரப்பரோட ஒட்டிக்கும். முழங்கால குடுத்து ஜன்னல் ஃப்ரேம வளைக்கிற வித்தைய கைப்பழக்கம் உள்ள போர்மேன் செய்யட்டும், கீல் இடுக்குல கட்டை வச்சி கதவ அமுக்குற வித்தையும் அப்படித்தான், தூண் தகரம் பிளந்துக்கும்.

முன் கதவும் பின் கதவும் சேர்ற எடத்துல ரெண்டும் சரிசமமா இருக்கணும், முடியலன்னா பின் கதவோட முன் ஓரம் முடிக்கனம் உள்ள இருக்கட்டும். வெளிய நின்னா ஓடுறப்ப காத்து அதுல முட்டி சத்தம் போடும்.

கீல் பின் தேஞ்சிருந்தா அத மாத்திட்டுத்தான் இதெல்லாம். ஸ்பேர்பார்ட் கடையில ஹிஞ்ச் பின் புஷ் கிடைக்குமான்னு கேளுங்க, இல்லன்னா ஈப்போ பக்கம் ஹாஃப்கட் கடையில, அதாவது பழைய காடிய வெட்டி சாமான் விக்கிற கடையில, முழு கீலா வாங்கிடலாம். வாங்குறப்ப கையில பிடிச்சி ஆட்டிப் பாத்து வாங்குங்க, மேல் கீலும் கீழ் கீலும் பல காடியில வேற வேற, இடது பக்கத்துது வலது பக்கத்துக்கு பொருந்தாது. கதவயே எறக்க வேண்டி வந்தா பேட்டரி நெகட்டிவ் வயர கழட்டிட்டு, கதவு வயர் போற ரப்பர் குழாயயும் கதவு அதிகமா தெறக்காம பிடிக்கிற பட்டையயும் கழட்டிட்டு அப்பறம் எறக்குங்க.

இப்பத்தான் கொக்கி

கதவு கொக்கி இல்லாமலே இடுக்கெல்லாம் ஒழுங்கா வந்து நின்னுச்சின்னா கொக்கிய பழைய கோட்டுல வச்சி லேசா முடுக்குங்க. மொத தடவ ஓங்கி சாத்தாதீங்க, இது ரொம்ப முக்கியம், கொக்கி தப்பான எடத்துல இருந்து லாக் மாட்டிக்கிச்சின்னா வெளியயும் தெறக்காது உள்ளயும் தெறக்காது. வெளிக் கைப்பிடிய இழுத்துப் பிடிச்சிக்கிட்டே கதவ மெதுவா கொண்டு வாங்க, லாக்கோட வாய் கொக்கிக்கு நேரா நடுவுல போகுதான்னு பாருங்க. சந்தேகமா இருந்தா கொக்கி மேல கொஞ்சம் கிரீஸ் தடவுங்க, ஒரு தடவ மூடித் தெறந்தா எங்க துடைச்சிக்கிட்டு போயிருக்குன்னு தெரியும். மேல் பக்கம் மட்டும் துடைச்சிருந்தா கொக்கி ஒசரம் அதிகம், கீழ் பக்கம்னா எறக்கம் அதிகம்.

மேல கீழ முடிஞ்சதும் உள்ள வெளிய. கதவு பாடிய விட வெளிய நின்னா கொக்கிய உள்ள தள்ளுங்க, மூடுறப்ப ரொம்ப பலம் வேண்டியிருந்தா கொஞ்சம் வெளிய. லாக் ரெண்டு படியா விழும், டிக் டிக்னு. மொத படியில நின்னுட்டா கதவு மூடுன மாதிரி தெரியும், மூடல. ரெண்டாவது சத்தம் வந்தப்பறம் கதவ உள்ள வெளிய ஆட்டிப் பாத்தா கொஞ்சம் கூட லொட லொடன்னு இருக்கக் கூடாது. சரியா வந்துச்சின்னா ரெண்டு ஸ்க்ரூவயும் நல்லா முடுக்கிடுங்க, கண்ணாடிய ஏத்தி எறக்கிப் பாருங்க, சென்ட்ரல் லாக் இருந்தா அதயும், பின் கதவுன்னா சைல்ட் லாக்கயும்.

புது ரப்பர் மாத்துன காடியா இருந்தா கொஞ்ச நாளைக்கு கதவு மூட பலம் வேண்டியிருக்கும், ரப்பர் அமுங்கி பழகணும். அதுக்காக கொக்கிய வெளிய எடுத்துடாதீங்க.

தண்ணி இன்னும் வருதுன்னா

ஒரு ரிங்கிட் நோட்ட ரப்பருக்கும் பாடிக்கும் நடுவுல வச்சி கதவ மூடி இழுத்துப் பாருங்க. எல்லா எடத்துலயும் பிடிச்சிக்கிட்டு எறுக்கமா வரணும், எங்க சும்மா வழுக்கி வருதோ அங்கதான் ரப்பர் ஒட்டல. தண்ணி ஊத்திப் பாக்கிறதா இருந்தா கீழ இருந்து ஆரம்பிச்சி மெதுவா மேல வாங்க, மேல இருந்து ஊத்துனா எல்லா எடமும் ஒரே நேரத்துல நனைஞ்சி எங்க நுழையுதுன்னு தெரியாது.

ரப்பர் நல்லா பிடிக்குது, ஆனாலும் தரை நனையுதுன்னா கோளாறு கீல்ல இல்ல. கண்ணாடி வழியா கொஞ்சம் தண்ணி கதவுக்குள்ள எறங்குறது சகஜம், எல்லா காடியும் அப்படித்தான் செஞ்சது, அது கதவு அடியில இருக்கிற ஓட்ட வழியா வெளிய போயிடணும். நம்ம மண் சடக்குல செம்மண்ணு தெறிச்சி அந்த ஓட்டையெல்லாம் அடச்சிக்கும், மழ பேஞ்சப்பறம் கதவ ஆட்டுனா உள்ள தண்ணி தளும்புற சத்தம் கேக்கும். பழைய ஸ்போக் கம்பி, இல்ல பிளாஸ்டிக் ஸ்ட்ராவ விட்டு குத்தி எடுத்தா செவப்பு சேறு கொழகொழன்னு எறங்கும், அப்பறம் தண்ணி விட்டு கழுவி விடுங்க. இத விட்டா கதவு அடிப்பக்கம் உள்ள இருந்து துருப்பிடிச்சி, வெளிய பெயிண்ட் கொப்புளம் தெரியிறதுக்குள்ள தகரம் போயிருக்கும். கதவு உள் அட்டைக்குப் பின்னால ஒட்டியிருக்கிற பிளாஸ்டிக் தாள யாராவது பவர் விண்டோ ரிப்பேர் பண்றப்ப கிழிச்சிட்டு அப்படியே மூடியிருந்தாலும் தண்ணி உள்ள வரும், அத பியூட்டில் டேப்னு பிசின் மாதிரி ஒட்டுற டேப் போட்டு முழுசா ஒட்டணும்.

எல்லாம் முடிஞ்சதும் கீல் பின்னுக்கும் லாக் வாய்க்கும் வெள்ள கிரீஸ் வைங்க. துரு எளக்குற ஸ்ப்ரேயவே எண்ணெயா நெனச்சி அடிச்சிட்டு விடாதீங்க, அது சீக்கிரம் காஞ்சிடும். ரப்பருக்கு கிரீஸ் ஆகாது, ஊதி கெட்டுப்போகும், சிலிக்கான் ஸ்ப்ரே போடுங்க. போல்ட் நகந்த எடத்துல பெயிண்ட் போயி இரும்பு தெரியும், டச்-அப் பெயிண்ட் ஒரு பூச்சு பூசிடுங்க, காஞ்சதும் போல்ட் தலையில இருந்து தகடு வரைக்கும் வேற கலர்ல ஒரு சின்ன கோடு இழுத்து விடுங்க. ஒரு வாரம் பத்து நாள் ஓட்டுனப்பறம் கதவ தெறந்து அந்தக் கோடு ஒடஞ்சிருக்கான்னு பாருங்க, ஒடஞ்சிருந்தா போல்ட் நகந்திருக்கு, இன்னொரு தடவ முடுக்கணும்.